ஞாயிற்றுக்கிழமை மழை

நேற்றுக் காலை உன் கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றினேன். மாதம் ஒரு முறை அதைத் திறந்து துடைப்பதாக எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். நாலு திருகாணியும் கழன்று தகரம் விலகியதும் தேயிலைத் தூள் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. தோட்டத்து ஆபீஸ், தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு நேர் பணிய, கீழ்ப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அரைத்துச் சலித்த தூள் எத்தனை தடவை துடைத்தாலும் ஜன்னல் வழியாக வந்து, காற்றாடி இதழிலும் கம்பி இடுக்கிலும் படிந்து கிடக்கிறது. தூரிகையால் தட்டியதை ஒரு தாளில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணிக்குப் போதும். நீ இருந்திருந்தால் அதையும் ஊற்றிக் கொடுத்து, "தொரை பங்களாவுக்குப் போற தூளுகூட இப்பிடி மணக்காது, குடி" என்று நீட்டியிருப்பாய். நானும் குடித்துத் தொலைத்திருப்பேன்.

நீ போய் இரண்டு வருசம் தாண்டிவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, கேட்க ஒரு மன்னிப்பும் இருக்கிறது. மன்னிப்பை முதலில் கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம் போலப் பேச்சை மாற்றிவிடுவேன் என்று உனக்கே தெரியும்.

ஒரு கிளினிக் நாளில் ஹட்டன் பஜாரில் என் கடைக்கு ஏறி வந்தாய். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாய் என்று கீழே போன் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் பிறகு சொன்னார். தலையில் கம்பளித் தொப்பி, கையில் மருந்துப் பை. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து விசயத்துக்கு வந்துவிட்டாய்.

"ஆபீஸ் கொம்பியூட்டர வெளியில இணைச்சுக் குடுடா. நான் அடிக்கிற மழைக் கணக்கு பணிய லயத்து ஆளுங்க போனுக்குப் போகணும்."

"அது செத்த மாடு. அதுல போயி பால் கறக்கச் சொல்றியா?"

"நீ கயித்த மட்டும் கட்டு. கறக்குறத நான் பாத்துக்கிறேன்."

நான் சிரித்தேன். இன்டர்நெட் என்ற பேச்சே ஊருக்கு வராத காலத்து மெசின் அது, ஒரு புதுசு வாங்கித் தரச் சொல்லி, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேள் என்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு" என்றாய். முடியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து மெசின்களை இந்தக் காலத்து வலையோடு இணைக்கிற சின்னச் சின்ன அடெப்டர்கள் வந்துவிட்டன. கடையில் வேலை இல்லாத நேரங்களில் அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்து நானே ரசித்திருக்கிறேன். தீபாவளி நெருக்கடி முடியட்டும், வருகிறேன் என்றேன். தீபாவளி முடிந்தது. கிறிஸ்மஸ் முடிந்தது. பொங்கலும் முடிந்து, அடுத்த வாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நானும் வந்தேன், மாலை போட்டேன், மண் போட்டேன். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அரை நாள் வேலை அது. உனக்காக ஒரு அரை நாளை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

நாம் இரண்டு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் நான் மேட்டு லயம், நீ மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிற பணிய லயம். நாலாம் வகுப்பில் இருந்தபோது விடாமல் மழை பெய்த ஒரு வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் விடியும்போது உங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில், அந்தக் கானில், தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. உன் அப்பா அதைப் பார்த்ததும் கம்பளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி எல்லாரையும் வெளியே இழுத்தார். மத்தியானத்துக்குள் மேலே இருந்து மண் இறங்கி ஆட்டுக் கொட்டகையையும் இரண்டு காம்பராவின் பின்சுவரையும் கொண்டுபோயிற்று. நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்து வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். நீ மட்டும் அழவில்லை. "தண்ணி மொதல்லயே சொல்லிச்சு" என்று திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னாய்.

பெரியவளாகி அந்த ஆபீசுக்குள்ளேயே கிளாக்கராகப் போய் உட்கார்ந்தாய். லயத்தில் பிறந்த ஒருத்தி அங்கே மேசை போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொம்பியூட்டர் வந்து இறங்கியபோது பெரிய கிளாக்கருக்கு அதைத் தொடப் பயம். நீ போய் உட்கார்ந்துகொண்டாய், இருபத்தாறு வருசம் எழுந்திருக்கவே இல்லை. நான் அப்போதுதான் ரேடியோ திருத்தும் வேலை பழகி ஹட்டனில் கடை போட்டிருந்தேன். அந்த மெசினுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியன் நான்தான். வரும்போதெல்லாம் தூக்கிப் போடு என்பேன். நீ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேலை முடியும் வரை நான் சொன்னது காதில் விழாதது போல இருப்பாய்.

மற்றவர்களுக்கு அது ஆட்களின் பேர் பதிகிற மெசின். உனக்கு மழைக் கணக்குத்தான் முக்கியம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி, யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று கங்காணிமார் பிரித்து அனுப்புகிற நேரத்தில், நீ ஆபீஸ் பூந்தோட்டத்தில் குனிந்து மழைமானிக்குள் இருக்கும் போத்தலை எடுப்பாய். தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் எண்ணை அடிப்பாய். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. தமிழ் எழுத்துத் தெரியாத மெசின் என்பதால் இங்கிலீஸ் எழுத்தில் தமிழை எழுதுவாய். அதில் என்ன எழுதுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "எங்க கானு எப்பிடி ஓடுதுன்னு" என்றாய். நான் அதையும் கிண்டல் பண்ணினேன்.

உனக்குப் பிறகு மெசினைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். மழையைச் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதி, மறுநாள் அழித்துவிட்டு அடுத்ததை எழுதினார்கள்.

இனிச் செய்திக்கு வருகிறேன்.

போன பெருமழைக்குப் பிறகு பணிய லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. நுவரெலியாவிலிருந்து ஒரு இஞ்சினியர் மிஸ் வந்து சுற்றிப் பார்த்தார். சிங்களப் பிள்ளை, நல்ல மரியாதை. அவர் கையில் இரண்டு பட்டியல்கள். முதல் பட்டியலில் வருகிற லயத்துக்கு உடனே மேட்டில் காணி பிரித்து வீடு கட்டத் தொடங்குவார்கள். இரண்டாவது பட்டியல் பொறுத்திருந்து பார்க்கிற பட்டியல். பணிய லயம் இரண்டாவதில் போயிற்று. முந்தின வருசங்களில் எவ்வளவு மழைக்கு இந்த மலை எப்படி நடந்துகொண்டது என்று காட்ட ஏதாவது பதிவு இருந்தால் மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மழைப் புத்தகத்தைக் கொம்பியூட்டர் வந்தவுடனேயே நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத்தான் தெரியுமே.

கடைசிக் காம்பராவில் இருக்கும் தெய்வானை அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"கிளாக்கரம்மா தெனம் எழுதி வச்சாங்களே, அதெல்லாம் எங்க தம்பி?"

"அந்த மெசினுக்குள்ளதான் அக்கா இருக்கும்."

"அப்ப எடுத்துக் குடுங்க. இருவத்திரெண்டு குடும்பம் இருக்கோம்."

அன்றைக்கே பஸ் ஏறினேன். புதிதாக வந்திருக்கும் பெரிய தொரை கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பழைய சாமான்களை எல்லாம் பழைய இரும்புக்குக் கொடுக்கப் போவதாகவும், சனிக்கிழமை லொறி வருவதாகவும், அதற்கு முன்னால் எதை எடுப்பதானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். உள்ளே கணக்கெல்லாம் பதிந்திருக்கும் தட்டை, அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, நானாவிடம் வாங்கிய அடெப்டரில் செருகி, என் மடிக்கணினியில் நேராகப் படித்துவிடலாம் என்று நினைத்தேன். செருகி மட்டும் பொருந்தியது. அந்த அடெப்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத அளவுக்கு உன் தட்டுப் பழசு. சரி என்று திரும்ப மெசினிலேயே மாட்டிச் சுவிட்சைப் போட்டால் தட்டுச் சுற்றவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. மறுபடி போட்டேன், அதே சத்தம். நீ இருந்த வரை ஓடியதை நான் வந்து இரண்டே மணி நேரத்தில் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மேசைக்கு அடியில் குனிந்து மின்சார வயரைத் தேடினபோதுதான் அந்தப் பல்ப் கண்ணில் பட்டது. கோழிக்குஞ்சுப் பெட்டியில் வைப்பது போல ஒரு குண்டு பல்பை நீ அந்த மெசினுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாய். "கொம்பியூட்டருக்குக் குளிருதா? ஒரு சுவெட்டர் பின்னிப் போடேன்" என்று நான் எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பேன். அதற்குக் குளிரத்தான் செய்தது. இந்த மலைக் குளிரில் பழைய தட்டுகளுக்குள் எண்ணெய் இறுகிவிடும், சூடு பட்டால்தான் இளகும். எங்கேயும் படிக்காமல் அதை நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

பல்ப் பியூஸ் போயிருந்ததால், தட்டைக் கழற்றி என் மப்ளரில் சுற்றி ஸ்டோருக்கு ஓடினேன். கொழுந்து காய்கிற அடுப்புக்குப் பக்கத்தில், சூடு அளவாக இருக்கிற இடத்தில் ஒரு பலகை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுப்புக்கு நிற்கிறவர் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"என்னாங்க, வேக வைக்கிறீங்களா?"

"ஆமாங்க. பதம் வந்ததும் எடுத்துருவேன்."

அரை மணி நேரம் கழித்து மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒரு முனகல், பிறகு சுற்றத் தொடங்கியது. பச்சை எழுத்துகள் திரையில் வந்தபோது நான் ஆபீசில் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன்னைத் தூக்கிப் போன அன்று வராதது அன்றைக்கு வந்தது.

அப்புறம் தட்டைத் தொடவே இல்லை. மெசினின் பின்பக்கம் ஒன்பது ஊசியுள்ள ஒரு செருகி இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் வழியாகத்தான் மெசினுக்கு மெசின் பேசிக்கொண்டன. அதற்கு ஒரு முனையும் இன்றைய மெசினுக்கு ஒரு முனையும் உள்ள வேறொரு அடெப்டரை நானா கொழும்பிலிருந்து பஸ்ஸில் போடச் சொல்லி எடுத்துத் தந்தார். வியாழக்கிழமை கட்டினேன். முதலில் வேகமாக அனுப்பிப் பார்த்தேன். பாதி எழுத்து வந்தது, பாதி வழியிலேயே தொலைந்தது. வேகத்தைக் குறைத்தேன், அப்போதும் தொலைந்தது. எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. அப்போது நீ கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போனது நினைவுக்கு வந்தது. வட்டவளையிலும் றொசல்லவிலும் நின்று நின்று ஊர்கிற ரயிலில் எதற்கு உயிரை விடுகிறாய் என்று கேட்டேன். "மெதுவாப் போனாலும் போய்ச் சேருதுல்ல" என்றாய்.

அந்தச் செருகியால் முடிகிற மிகக் குறைந்த வேகங்களில் ஒன்றுக்கு இறங்கினேன். ஒரு எழுத்துத் தொலையவில்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருந்தது. நாள், மழை, குறிப்பு. அடுத்த நாள், மழை, குறிப்பு. இருபத்தாறு வருசம் என் கண் முன்னால் கீழிருந்து மேலே ஊர்ந்து போனது. என் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டத்தில், "இவன் கல்யாணம், நல்ல மழை, சாம்பாரில் உப்பு அதிகம்" என்று எழுதி வைத்திருக்கிறாய். தோட்டத்து மழைக் கணக்கில் எழுதுகிற காரியமா அது? ஆபீசில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நடு நடுவே அந்தக் குறிப்பும் வந்துகொண்டிருந்தது. பணிய லயம், பின் கானு, கலங்கல்.

சனிக்கிழமை லொறி வந்தது. மெசினைத் தூக்க ஆள் வந்தபோது குறுக்கே நின்றேன். இது போகாது என்று தொரையிடமே சொன்னேன். என் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி, இடத்த அடைக்காம ஒரு மூலையில வைங்க" என்றார்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அச்சடித்துக்கொண்டு நானுஓயா வரை ரயிலிலும் அங்கிருந்து வேனிலுமாக நுவரெலியாவுக்குப் போனேன். உன் வழியிலேயே போகட்டும் என்று ரயில். இஞ்சினியர் மிஸ் பொறுமையாகப் புரட்டினார். பிறகு தன் கொம்பியூட்டரில் எதையோ தட்டி வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யாதா?"

எனக்குப் புரியவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். இருபத்தாறு வருசத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூச்சியம். பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளம் போன ஞாயிறுகளிலும் நம் தோட்டத்தில் ஒரு துளி இல்லை. திங்கட்கிழமைகளிலோ நம்ப முடியாத மழை. இதை யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியதாகத்தான் மேலிடத்தில் நினைப்பார்கள், இதை நான் கொண்டு போக முடியாது என்றார். பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று வழியெல்லாம் உன்மேல் கோபம். இறங்கி நேராகப் பணிய லயத்துக்குப் போனேன். தெய்வானை அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மிஸ் கேட்டதைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தவே இல்லை.

"ஞாயித்துக்கெழம ஏது தம்பி பெரட்டு? ஆபீஸ் பூட்டிக் கெடக்கும். போத்தல யாரு போயி பாக்குறது?"

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. தோட்டத்தில் பிறந்தவன் நான். பெரட்டு இல்லாத நாளில் ஆபீசும் இல்லை, அளப்பதும் இல்லை. எண் அடிக்காத நாளுக்கு மெசினே பூச்சியம் போட்டுவிடும். ஞாயிறு பெய்த மழை போத்தலிலேயே கிடந்து, திங்கட்கிழமைக் காலையில் இரண்டு நாளுக்கும் சேர்த்து அளக்கப்படும். டவுனில் ஏழு நாளும் கடை திறந்து வைத்து, ஞாயிறு என்றால் பெரட்டு இல்லை என்பதே எனக்கு மறந்து போயிருக்கிறது. உன்மேல் கோபப்பட்டதற்கும் சேர்த்து ஒரு மன்னிப்பு.

அன்று சாயங்காலமே அந்த இஸ்தோப்பில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தோம். ஞாயிறைத் தவிர வேறு எந்தெந்த நாளில் பூச்சியம் விழுந்து பக்கத்தில் குறிப்பும் இல்லை என்று நான் வாசிக்க வாசிக்க, லயத்துச் சனங்கள் வந்து சுற்றி நின்று பதில் சொன்னார்கள். இது தைப்பொங்கல், மறுநாளும் லீவு. இது தீபாவளி. இந்த மூன்று நாள் மாரியம்மன் திருவிழா, அந்த வருசம் பிந்தித்தான் நடந்தது. இந்தப் பதினோரு நாள் வேலைநிறுத்தம், பெரட்டுக்கே யாரும் போகவில்லை. ஓரிடத்தில் ஐந்து நாள் தொடர்ந்து பூச்சியம். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் தெய்வானை அக்காதான் தாழ்ந்த குரலில் சொன்னார். "அது கிளாக்கரம்மாவோட அம்மா தவறுன வாரம்."

அவ்வளவையும் ஓரத்தில் எழுதினேன். திங்கட்கிழமை மழையையும் ஞாயிறையும் சேர்த்து இரண்டு நாள் கூட்டாகப் போட்டு மறுபடி நுவரெலியாவுக்குப் போனேன். மிஸ் அரசாங்கத்து மழைமானியின் இரண்டு நாள் கூட்டோடு அதை ஒட்டிப் பார்த்தார். ஏற்றமும் இறக்கமும் கூடவே போயின. பிறகு ஓரத்தில் தமிழில் இருந்ததை என்னைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பொங்கல், திருவிழா, வேலைநிறுத்தம், அம்மா தவறிய வாரம்.

"பொய் எழுதுகிறவர்கள் திருவிழாவுக்கு லீவு விட மாட்டார்கள்" என்றார்.

கலங்கல் என்றால் என்னவென்று என்னிடம் கேட்டுக்கொண்டு, உன் குறிப்புக் கட்டத்தை அவரே ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். மூன்று நாள் மழையின் கூட்டு ஓர் அளவைத் தாண்டிய போதெல்லாம் கானு கலங்கியிருக்கிறது. வருசம் போகப் போக, அதைவிடக் குறைந்த மழைக்கே கலங்கத் தொடங்கியிருக்கிறது. மலை தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது, அதை நீ மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். பணிய லயம் முதல் பட்டியலுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு மேலே காணி அளந்து முளை அடித்துவிட்டார்கள். அத்திவாரம் வெட்டுகிறார்கள். வீடு முடிய இன்னும் ஒரு மழைக்காலம் போகும்.

அந்த ஒரு மழைக்காலத்துக்காகத்தான் நீ கேட்ட வேலையைக் கடைசியில் செய்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு அடெப்டர். அது உன் மெசினின் பின்பக்கச் செருகியில் தொங்குகிறது. உன் மெசின் ஏதோ டெலிபோனில் ஒரு நம்பரைக் கூப்பிடுவதாக நினைத்துக் கட்டளை கொடுக்கும். இந்தத் தீப்பெட்டியும் டெலிபோன் போலவே பாசாங்கு பண்ணி, லைன் கிடைத்துவிட்டது என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, வாங்கிய எண்ணை வைஃபையில் ஏற்றி அனுப்பிவிடும். இப்போது உன் மேசையில் இருக்கும் கிளாக்கர் பிள்ளை காலையில் போத்தலைப் பார்த்து அடிக்கிறாள். முதல் நாள் அந்த எண் போனபோது, பெரட்டுக் களத்தில் நின்ற பத்துப் பதினைந்து பேரின் போன் ஒரே நேரத்தில் சிணுங்கியது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். கங்காணி திட்டினார்.

இதை ஒரு போனிலேயே செய்துவிடலாமே, எதற்கு இந்தக் கிழட்டு மெசின் என்று நானா கேட்கிறார். நியாயமான கேள்விதான். போனுக்குச் சொந்தக்காரர் மாறினால் கணக்கும் அவரோடு போய்விடும், இது அந்த மேசையை விட்டு எங்கும் போகாது என்று அவருக்குப் பதில் சொல்கிறேன். உண்மை என்னவென்றால், நீ கேட்டது இந்த மெசினை இணைக்கத்தான். நான் செய்யாமல் விட்ட வேலையும் அதுதான். வேறொன்றைச் செய்துவிட்டு அதைச் செய்ததாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளை நான் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்து போத்தலை எடுத்து, உன்னைப் போலவே கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து அடிக்கிறேன். பொங்கலானாலும் தீபாவளியானாலும் வருகிறேன். "ஹட்டன்ல எல்லாரும் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறாங்க, எங்க வீட்டு ஆளு போத்தலுக்குப் போறாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு போத்தல் நிரம்பி வெளி உருளையிலும் தண்ணீர் நின்றது. மூன்று தடவை அளந்தேன். மூன்று நாள் கூட்டு மிஸ் குறித்த அளவைத் தாண்டியிருந்தது. ஓடிப்போய்ப் பின் கானைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. தெய்வானை அக்காவும் தெளிவுதான் என்றார். ஒன்றும் நடக்காமல் எல்லாரையும் கிளப்பினால் அடுத்த தடவை யார் நம்புவார்கள், இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று எனக்குள் ஒருவன் பேசினான். அவன் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி முடியட்டும் என்று உன்னிடம் சொன்னவன் அவன்தான். நான் எண்ணை அடித்து அனுப்பினேன். பிறகு உன் அப்பாவைப் போலக் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டினேன்.

பாய், சட்டி, கோழி, ஒரு டீவி, எல்லாவற்றோடும் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். மூன்று நாள் இருந்தார்கள். மலை அசையவில்லை. புதன்கிழமை வெயில் வந்தபின் கீழே இறங்கும்போது ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். தெய்வானை அக்கா கோழிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கல்லுகூட உருளல. சிமெந்துத் தரையில படுத்து இடுப்பு வலிதான் மிச்சம். அடுத்த தடவ கூப்பிட்டா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"நான் கூப்பிடுவேன் அக்கா."

"வரமாட்டேங்கிறேன்."

"வர்ற வரைக்கும் கதவத் தட்டுவேன்."

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். வீடு எழும்பிச் சாவி கைக்கு வரும் வரை, அந்த அளவு தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன். கேலி பண்ணட்டும், திட்டட்டும், போன் நம்பரை மாற்றட்டும். இருபத்திரண்டு குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்ட வேண்டுமானால், இருபத்திரண்டு குடும்பமும் உயிரோடு இருக்க வேண்டும்.